குழந்தை போகும் வழியில் நிற்பவர்களே குழு: நீலகிரிப் பிரசவ வார்டுகளில் தர மேம்பாட்டுப் பணிக்கு ஆள் சேர்ப்பது எப்படி

டிசம்பர் மாத விடியற்காலையில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ பிறக்கும் குழந்தை உடம்பெல்லாம் ஈரத்தோடு குளிருக்குள் வருகிறது. துடைக்காமல் விட்டால் முதல் 10 - 20 நிமிடத்துக்குள் அதன் உடல்வெப்பம் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். அக்குளில் வைத்துப் பார்க்கும் அளவு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 36.4-க்கு இறங்கினாலே குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 36-க்குக் கீழே மிதமான தாழ்வெப்பம். 32-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த குழந்தை சரியாகப் பால் குடிக்காது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்கும், தொற்றும் எளிதில் பற்றும். எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பத்துப் படிகளாக இதை வகுத்திருக்கிறது: பிரசவ அறையை 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பது, பிறந்த உடனே துடைப்பது, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போடுவது, தாய்ப்பால், குளிப்பாட்டுவதையும் எடை பார்ப்பதையும் தள்ளிப்போடுவது, தொப்பியும் உலர்ந்த துணியும், தாயையும் சேயையும் பிரிக்காமல் வைப்பது, வண்டியில் கொண்டுபோகும்போதும் மூச்சு கொடுக்கும்போதும் சூடு காப்பது, இதையெல்லாம் ஊழியர்களுக்குப் பழக்குவது. பெரும்பாலான லேபர் வார்டுகளில் இது போஸ்டராகவே ஒட்டியிருக்கும். ஆனாலும் குழந்தைகள் குளிர்ந்து போகின்றன. பத்துப் படிகளும் பத்துப் பேர் கையில் இருக்கின்றன; அந்தப் பத்துப் பேரும் ஒரு நாளும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை. மலையில் தர மேம்பாட்டு வேலை எடுக்கிறவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது இங்கேதான். என்ன மாற்றம் செய்வது என்பதைவிட, யார் யார் குழுவில் இருப்பது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

வழியை நடந்து பார்த்துப் பெயர் எழுதுங்கள்

வழக்கமாக ஒரு சுற்றறிக்கை வரும்; அதில் தலைமை மருத்துவர், துறைத் தலைவர்கள், நர்சிங் சூப்பிரண்டு என்று பதவி வரிசையில் பெயர்கள் இருக்கும். அந்தக் குழு முதல் கூட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளும், இரண்டாம் கூட்டத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். பதவியை ஒதுக்கி வைத்துவிட்டு, குழந்தை போகும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டாஃப் நர்ஸும் வேறு வார்டைச் சேர்ந்த இன்னொருவரும் கையில் நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, ஒரு பிரசவத்தைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர வேண்டும். தாய் லேபர் ரூமுக்குள் வருவது முதல், குழந்தையோடு பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் படுக்கும் வரை. குழந்தையைத் தொடுகிறவர், குழந்தையைத் தொடும் பொருளைத் தொடுகிறவர், இரண்டு பேரையும் எழுத வேண்டும். இரண்டாவது வகைதான் எப்போதும் விடுபட்டுப் போகிறது. துண்டை யார் துவைத்தார், எங்கே காயப்போட்டார், யார் மடித்து வைத்தார், வார்மரை (குழந்தையைச் சூடாக வைக்கும் மின்கருவி) யார் ஆன் செய்தார், ஜன்னலை யார் திறந்தார், தரையை எப்போது துடைத்தார்கள், எடை மெஷின் எந்த அறையில் இருக்கிறது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று, சிசேரியன் ஒன்று என்று மூன்று வழிகளையும் நடந்து பார்த்தால் போதும்.

சிசேரியன் வழியை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஏசி ஓடும். குழந்தையை வாங்குகிறவர் ஒருவர், துடைக்கிறவர் ஒருவர், வார்டுக்குத் தூக்கிப் போகிறவர் ஒருவர். தாய் மேஜையில் இருப்பதால் தோலோடு தோல் சேர்ப்பதும் தாமதமாகும். சீமாங் சென்டர் (தாய் சேய் அவசர சிகிச்சை மையம்) உள்ள மருத்துவமனைகளில் குழுவில் லேபர் வார்டு ஆட்களை மட்டும் போட்டுவிட்டு, தியேட்டர் நர்ஸையும் மயக்க மருந்து மருத்துவரையும் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் சுகப்பிரசவக் குழந்தைகளின் எண்கள் சரியாகும், மொத்த எண் நகராது; ஏன் என்று யாருக்கும் புரியாது.

நடந்து எழுதிய பட்டியலில் 15, 20 பெயர்கள் இருக்கும். அதிலிருந்து ஆறு முதல் எட்டுப் பேர். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. நைட் டியூட்டி, வார விடுமுறை, சிஎல் எல்லாம் கழித்தால் எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் ஒரே நாளில் கிடைப்பார்கள். ஐந்து பேர் இருந்தால் முடிவெடுக்கலாம். பத்தைத் தாண்டினால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். பட்டியலில் மிச்சமிருப்பவர்களைத் தேவைப்படும் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

எட்டுக்குள் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள்: லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், நைட் டியூட்டி அதிகம் பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், மகப்பேறு மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர் ஒருவர், ஹவுஸ்கீப்பிங் ஊழியர் ஒருவர், துணி பார்க்கிறவர், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டிலிருந்து ஒருவர். எலெக்ட்ரீஷியன் முதல் மாதம் முழுக்க இருக்க வேண்டும், பிறகு தேவைக்கு வந்தால் போதும். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாக இருப்பார்கள். அவர்களுடைய சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்ட நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால் அந்த அக்கா ஒரு தடவை வருவார், திட்டு வாங்குவார், மறுபடி வர மாட்டார்.

துணி பார்க்கிறவர் ஏன் குழுவில்

சமவெளியில் எழுதப்பட்ட கையேடுகளில் இந்த ஆள் இருக்க மாட்டார். மலையில் இவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மழை இல்லாத நாளிலும் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். துண்டு தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். அந்த ஈரத் துண்டால் குழந்தையைத் துடைத்து, அதே துண்டில் சுற்றுகிறோம். துடைத்ததாக ரெஜிஸ்டரில் டிக் விழும், குழந்தை குளிர்ந்து போகும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குழந்தைக்குத் துடைக்க இரண்டு துணி, சுற்ற ஒன்று, ஆக மூன்று. ஒரு நாளைக்கு நான்கு பிரசவம் நடக்கும் இடத்தில் 12. வெயில் காலத்தில் துவைத்தது மறுநாள் திரும்பி வந்துவிடும், 24 இருந்தால் ஓட்டலாம். மழைக்காலத்தில் திரும்பி வர மூன்று நாள் ஆகும், அப்போது சுழற்சிக்கே 36 வேண்டும். இரட்டைக் குழந்தை, ரத்தம் பட்டுக் கழித்தது, கூடுதல் பிரசவம் என்று ஒரு நாள் இருப்பு 12 சேர்த்தால் 48. ஸ்டோரில் 24-தான் இருக்கிறது என்றால், எவ்வளவு நல்ல நர்ஸாக இருந்தாலும் ஜூலையில் ஈரத் துணிதான் கையில் கிடைக்கும். இந்தக் கணக்கைத் துணி பார்க்கிறவரால் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் அவர்தான் சொல்வார். புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகே லேபர் ரூமுக்குள் அனுப்ப வேண்டும். புதுத் துண்டு வாங்கிப் போட்ட வாரத்தில் குழந்தைகளின் வெப்பம் இறங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

எலெக்ட்ரீஷியன் விஷயமும் இப்படித்தான். அறையைச் சூடாக்கலாம் என்று முடிவெடுத்து 2,000 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கி ஒரே 15 ஆம்பியர் லைனில் போட்டால், 230 வோல்ட்டில் அந்த லைன் தாங்குவது 3,450 வாட்தான். இரண்டும் சேர்ந்தால் 4,000. டிரிப் ஆகும். வார்மரும் அதே லைனில் இருந்தால் அதுவும் அணையும். எந்த பாயிண்ட் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறது, எது இல்லை என்பதும் அவருக்குத்தான் தெரியும். அரசு மருத்துவமனையில் மின் வேலை பொதுப்பணித்துறையின் கையில் இருப்பதால், அந்தப் பிரிவின் ஆளை முதல் நாளே அழைத்து லேபர் ரூம், தியேட்டர் இரண்டிலும் பாயிண்ட் பாயிண்டாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

யார் தலைமை

அன்றாடத் தலைமை இன்சார்ஜ் சிஸ்டரிடம் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மருத்துவர் வெளிநோயாளி, தியேட்டர், கேம்ப், கோர்ட் என்று அலைகிறவர். சிஸ்டர் வார்டிலேயே இருக்கிறவர். ஆனால் அவருக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இந்த வேலைக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். அதை டியூட்டி சார்ட்டில் எழுத வேண்டும். எழுதாமல் "நேரம் கிடைக்கும்போது பாருங்க சிஸ்டர்" என்றால் அது அவருடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் போய் விழும். இரண்டே மாதத்தில் சோர்ந்து போவார்.

மருத்துவரின் வேலை வேறு. குழுவில் ஒரு மாற்றம் முடிவானால், அதை மற்ற மருத்துவர்களுக்குச் சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பது அவர் பொறுப்பு. "எடை அப்புறம் பார்க்கலாம், முதலில் தாயின் மார்பில் போடுங்கள்" என்று நர்ஸ் சொல்லும்போது, டியூட்டி டாக்டர் "எடை என்னம்மா?" என்று அவசரப்படுத்தினால் நர்ஸ் எடை மெஷினுக்குத்தான் ஓடுவார். அந்த இடத்தில் நர்ஸுக்குத் துணை நிற்க சக மருத்துவர் ஒருவரால்தான் முடியும்.

மருத்துவமனைத் தலைவர் குழுவுக்குள் வேண்டாம், குழுவுக்குப் பின்னால் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பத்து நிமிடம் அவரிடம் மூன்று விஷயம் மட்டும் கொண்டு போங்கள்: எண் எப்படிப் போகிறது, எது தடையாக இருக்கிறது, அவரிடமிருந்து எந்தக் கையெழுத்து வேண்டும். துண்டு, தொப்பி, அறை வெப்பமானி போன்ற சிறு பொருள்களுக்கு நோயாளர் நலச் சங்க நிதியில் வழி இருக்கும். இன்டென்ட் போட்டு ஸ்டோரிலிருந்து வரும் வரை காத்திருந்தால் பருவமழையே முடிந்துவிடும். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய லக்‌ஷ்யா திட்டத்தில் லேபர் ரூமுக்கும் மகப்பேறு தியேட்டருக்கும் தர வட்டம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கனவே அந்தப் பெயரில் ஒரு குழு பைலில் இருந்தால், புதிதாக இன்னொன்று தொடங்காதீர்கள். அதே குழுவுக்கு சரியான ஆட்களைச் சேர்த்து உயிர் கொடுங்கள். ஒரே சிஸ்டர் இரண்டு குழுவுக்கு இரண்டு ரிப்போர்ட் எழுத வேண்டி வந்தால் இரண்டும் கெடும்.

எந்தக் கிழமை, எந்த இடம்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக், புதன்கிழமை தடுப்பூசி. இந்த இரண்டு நாளும் கிராம சுகாதார செவிலியர்கள் நகர முடியாது. திங்கட்கிழமை நோயாளிகள் கூட்டம் எல்லா இடத்திலும் மிகுதி. வியாழன் அல்லது வெள்ளி வைத்துக்கொள்ளலாம். நேரம், காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் வரும் அந்த இடைவெளி. இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் அப்போது மட்டும்தான் ஒரே இடத்தில் இருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு வைத்தால் மலையில் கூட்டம் நடக்காது. பனி இறங்கும், கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஹவுஸ்கீப்பிங் அக்காவின் மனசு பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கும்.

கான்ஃபரன்ஸ் ஹால் வேண்டாம். லேபர் வார்டு டியூட்டி ரூம், நின்றபடி அல்லது ஸ்டூல் போட்டு, 20 நிமிடம். ஹாலில் உட்கார்ந்தால் சீனியாரிட்டி வரிசை தானாக வந்துவிடும், கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் வாயே திறக்க மாட்டார். பேசும் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹவுஸ்கீப்பிங், பிறகு துணி, பிறகு ஸ்டாஃப் நர்ஸ், கடைசியில் மருத்துவர். மருத்துவர் முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் "ஆமாங்க மேடம்"தான்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயாம்மாவிடம் எல்லோர் முன்னாலும் "ஜன்னலை ஏன் திறந்தீங்க?" என்று கேட்டால் அவர் மன்னிப்புக் கேட்பார், காரணம் சொல்ல மாட்டார். முந்தின நாள் இன்சார்ஜ் சிஸ்டர் தனியாகப் போய், "அக்கா, தரை துடைச்சப்புறம் காயறதுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். "பினாயில் போட்டுத் துடைச்சா மூடி வெச்ச ரூம்ல தரை காயாது சிஸ்டர். யாராவது வழுக்கி விழுந்தா என்னைத்தானே கேப்பாங்க, அதான் ஜன்னலைத் திறக்கறேன்." இதில் குற்றம் எங்கே இருக்கிறது? தரை துடைக்கும் நேரத்தை மாற்ற வேண்டும், ஒட்டப் பிழியும் மாப்பு வாங்கித் தர வேண்டும். ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும். மூடிய ஜன்னலிலும் காற்று வருகிறதா என்று பார்க்க, டிஷ்யூ பேப்பரை மெல்லிய பட்டையாகக் கிழித்துப் பிரசவ மேஜை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். ஆடினால் அந்த இடுக்கை அடைக்க வேண்டும். அறை வெப்பமானியும் அதே உயரத்தில் மாட்டப்பட வேண்டும், ஹீட்டருக்குப் பக்கத்தில் மாட்டினால் அது ஹீட்டரின் வெப்பத்தைத்தான் காட்டும்.

கூட்டத்தில் எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். போன வாரம் சொன்னது நடந்ததா, எண் என்ன, இந்த வாரம் எதைச் சோதிக்கிறோம், யார், எந்த ஷிஃப்ட்டில், எந்தப் பொருளைக் கொண்டு. "அனைவரும் கவனத்துடன் செயல்பட வேண்டும்" என்ற வரி மினிட்ஸில் வந்தால் அந்தக் கூட்டத்தில் எதுவும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்களை யார் எடுப்பது

குழு உடைகிற இடங்களில் முதன்மையானது இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதல் கூட்டத்திலேயே எதை எண்ணுகிறோம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். "குளிர்ந்த குழந்தை" என்றால் எந்த நேரத்து வெப்பம்? பிறந்து ஒரு மணி நேரத்திலா, வார்டுக்கு மாற்றும்போதா? ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இலக்கும் அதே சொற்களில் இருக்கட்டும். உதாரணத்துக்கு: "பிறந்து ஒரு மணி நேரத்தில் 36.5-க்குக் கீழ் இருக்கும் குழந்தைகளின் பங்கை, நூற்றுக்கு 40-லிருந்து 10-ஆகப் 12 வாரத்துக்குள் குறைப்போம்." யாருக்கு, எது, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எப்போதுக்குள், நான்கும் அதில் இருக்கின்றன. (ரத்தசோகை பற்றிய திட்டம் எடுக்கிற மலைக் குழுக்களுக்கு இது இன்னும் முக்கியம். உயரம் கூடினால் ஹீமோகுளோபின் அளவும் கூடும் என்பதால் வரம்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் 1,000 - 1,499 மீட்டர் உயரத்துக்கு டெசிலிட்டருக்கு 0.8 கிராம், 2,000 - 2,499 மீட்டருக்கு 1.4 கிராம் கூட்ட வேண்டும். கூடலூருக்கு ஒரு வரம்பு, ஊட்டிக்கு ஒரு வரம்பு. இதை முன்பே பேசாவிட்டால் ஒரே பெண் ஒரு ரெஜிஸ்டரில் ரத்தசோகை உள்ளவர், இன்னொன்றில் இல்லாதவர்.)

ரெஜிஸ்டரில் ஆறு பத்திக்கு மேல் வேண்டாம்: பிறந்த நேரம், அறை வெப்பம், தோலோடு தோல் சேர்த்த நேரம், துணி உலர்ந்ததா, ஒரு மணி நேரத்தில் குழந்தையின் வெப்பம், ஷிஃப்ட். நர்ஸின் பெயர் கூடாது. பெயர் இருந்தால், எண் மோசமான வாரத்தில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் பார்ப்பார். அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் குழந்தைகளும் 36.8 ஆகிவிடும்.

பொய் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான வெப்பங்கள் 36.1, 36.7, 36.4, 37.0 என்று சிதறி வரும். ஒரே எண் தொடர்ந்து வந்தால் யாரும் அளக்கவில்லை. அப்போது விசாரணை வேண்டாம். எந்த ஷிஃப்ட்டில் தெர்மாமீட்டர் இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது, ஒரே நர்ஸ் மூன்று தாய்மார்களைப் பார்த்தார் என்று கேளுங்கள். பத்துக் குழந்தைக்கு ஒன்றை இன்னொருவர் மறுபடி அளந்து பார்க்கும் பழக்கத்தை முதலிலிருந்தே வைத்துக்கொண்டால் இதற்கு இடமே வராது. பழைய பாதரச தெர்மாமீட்டரின் அளவுகோல் 35 டிகிரியில்தான் தொடங்கும். மிகவும் குளிர்ந்த குழந்தையை அது காட்டிக்கொடுக்காது. டிஜிட்டல் வாங்குங்கள். நுனி அக்குளின் மேல் மடிப்பில் படும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் சத்தம் வரும் வரை எடுக்கக் கூடாது.

எழுதுகிறவர் ஒருவர், சார்ட்டில் புள்ளி வைக்கிறவர் இன்னொருவர். வாரத்துக்கு ஒரு புள்ளி. நடுவில் மீடியன் கோடு, அதாவது பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதி கீழேயும் விழும்படி ஒரு கோடு. ஆறு புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுந்தாலோ, ஐந்து புள்ளிகள் தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோதான் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு வாரம் நன்றாக வந்ததற்குக் கேக் வெட்டவும் வேண்டாம், ஒரு வாரம் கெட்டதற்கு மெமோ கொடுக்கவும் வேண்டாம். பிரசவம் குறைவாக நடக்கும் இடங்களில் சதவீதமே ஏமாற்றும். வாரத்துக்கு எட்டுப் பிரசவம் என்றால் ஒரு குழந்தை 12.5 சதவீதம். அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு குளிர்ந்த குழந்தைக்கும் அடுத்த குளிர்ந்த குழந்தைக்கும் இடையில் எத்தனை பிரசவம் நடந்தது என்று எண்ணுங்கள். அந்த எண் கூடிக்கொண்டே போனால் வேலை சரியாக நடக்கிறது.

மலைக்கென்றே உள்ள ஒரு பொறி: பருவம். அக்டோபரில் தொடங்கிய குழு எவ்வளவு உழைத்தாலும் ஜனவரி உறைபனியில் எண் மோசமாகும், மனம் உடைந்து விட்டுவிடுவார்கள். மார்ச்சில் தொடங்கிய குழு ஒன்றும் செய்யாமலே மே மாதம் வெற்றி என்று நினைத்துக்கொள்ளும். அதனால் அதே சார்ட்டில் அறை வெப்பத்தையும் இன்னொரு கோடாகப் போடுங்கள். வெளியே பனி கொட்டும் வாரத்திலும் அறை 25-ல் நின்று குழந்தை 36.5-க்கு மேல் இருந்தால் அதுதான் முன்னேற்றம்.

எதிர்ப்பக்க அளவு ஒன்றும் வேண்டும். 37.5-க்கு மேல் போன குழந்தைகள் எத்தனை? வார்மரில் உடம்போடு ஒட்டிய, வெப்பம் அளக்கும் ப்ரோப் கழன்றுவிட்டால், குழந்தை குளிர்ந்துவிட்டதாக நினைத்து மெஷின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பதும் தீக்காயத்தில் முடியும். அதை அடியோடு நிறுத்துங்கள்.

ஒரு குழந்தை, ஒரு நர்ஸ், ஒரு ஷிஃப்ட்

மாற்றத்தை எல்லா ஷிஃப்ட்டுக்கும் ஒரே நாளில் உத்தரவாகப் போட்டால் குழு இருந்தும் பயனில்லை. முதலில் ஒரே ஒரு குழந்தையிடம் பாருங்கள். "பிரசவத்துக்கு 20 - 30 நிமிடம் முன்பே வார்மரை ஆன் செய்து, இரண்டு துண்டை அதன் மேல் போட்டுச் சூடாக்குவது" என்பது யோசனை என்றால், அதை விரும்பிக் கேட்கும் ஒரு நர்ஸ், அவருடைய ஷிஃப்ட்டில், அடுத்த பிரசவத்தில் செய்து பார்க்கட்டும். முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுங்கள். வார்மரை எந்தக் கட்டத்தில் ஆன் செய்தார், துண்டு எடுக்கக் கை எட்டியதா, தொப்பி எங்கே இருந்தது. துண்டு வார்மரில், தொப்பி அடுத்த அறை அலமாரியில் என்றால் அடுத்த குழந்தைக்குத் தொப்பியும் அதே தட்டில் வந்துவிடும். ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஐந்து குழந்தைகள். பிறகு நைட் ஷிஃப்ட். நைட்டில் நிலைத்தால் மட்டுமே எல்லோருக்கும் கொண்டு போங்கள். பகலில் நன்றாக ஓடிய பல ஏற்பாடுகள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒற்றை நர்ஸ் இருக்கும்போது நிற்காது. நைட் டியூட்டி நர்ஸ் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று சொன்னது அதனால்தான்.

தாயோடு வருகிற துணையையும் இந்தச் சோதனைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிகள் குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்வார்கள், சேனை வைக்க வேண்டும் என்பார்கள். குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்று கட்டளையாகச் சொன்னால் சண்டை வரும். "அம்மா, இந்த தெர்மாமீட்டரைப் பாருங்க, 36.2 காட்டுது. உங்க பொண்ணு மேலயே போட்டு, மேல கம்பளி போத்துங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று கையில் கொடுத்தால், எண் ஏறுவதைப் பார்த்தவர் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் சொல்வார். வீட்டுக்குப் போனபின் மூடிய அறைக்குள் கரி நெருப்பு போட்டுக் குழந்தையைச் சூடாக்கும் ஆபத்தைப் பற்றியும் இதே பேச்சில் சொல்லிவிட வேண்டும். கரிப்புகை மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும்.

மொழி ஒரு தனி வேலை. நீலகிரியில் படுகு பேசுகிறவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள், கூடலூர் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள், பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் என்று எல்லாத் தாய்மாரும் ஒரே வார்டில் இருப்பார்கள். இப்போது வடமாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களும் உண்டு. உங்கள் வார்டுக்கு அதிகம் வரும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஊழியர், எந்தப் பதவியில் இருந்தாலும், குழுவில் இருக்கட்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்றுவித்துத் தன் பணியை அவர்கள் மேல் கட்டியிருக்கிறது; மற்ற மருத்துவமனைகள் அங்கிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வண்டியில் வரும் குழந்தை

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ரெஃபர் செய்யும் குழந்தை சுமார் 50 கிலோமீட்டர் மலை ஏறி வருகிறது. நடுவட்டம் தாண்டினால் ஒவ்வொரு வளைவுக்கும் குளிர் கூடும். அனுப்பும் இடத்தின் குழுவிலும் வாங்கும் இடத்தின் குழுவிலும் 108 வண்டியின் ஆள் ஒருவர் பெயராவது இருக்க வேண்டும். மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்தால் போதும். அவரோடு முடிவு செய்ய வேண்டியவை சில: குழந்தையைத் தாயின் அல்லது உறவினரின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிக் கொண்டுவருவது, ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெப்பம் எழுதுவது, வரும் வழியில் ஒரு போன். பைக்காரா தாண்டும்போது போன் வந்தால் இங்கே வார்மர் சூடாக அரை மணி நேரம் கிடைக்கும். எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்பது பைலட்டுகளுக்கு (108 வண்டி ஓட்டுநர்கள்) தெரியும், அவர்கள் சொல்கிற இடத்தையே குறித்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கப்போகிறவர் யார் என்பதும் பெயரோடு முடிவாக வேண்டும். பொது எண்ணுக்கு வரும் போன் கேஷுவாலிட்டியில் நின்றுவிடும்.

ஆள் மாறும்போது

மலையில் போஸ்டிங் கிடைத்தவர்களில் பலர் கீழே இறங்கத்தான் காத்திருப்பார்கள். அதில் தவறு இல்லை. குடும்பம் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும். டிரான்ஸ்ஃபர் வரும் என்று எடுத்துக்கொண்டே குழுவை அமையுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், அதில் ஒருவராவது உள்ளூர்க்காரர். ஹவுஸ்கீப்பிங், துணி, எலெக்ட்ரிகல் வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர். வருடக்கணக்காக அங்கேயே இருப்பார்கள். குழுவின் நினைவு அவர்களிடம்தான் தங்கும். சார்ட்டில் புள்ளி வைப்பதை அவர்களில் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஒப்படைக்கும் பைலில் நான்கு தாள் போதும்: இலக்கு எழுதிய தாள், சார்ட், இதுவரை சோதித்தவற்றின் பட்டியல் (சரிவராதவையும் காரணத்தோடு), துணிக் கணக்கு. புதிதாக வரும் நர்ஸுக்கு முதல் நாளே பைலைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். ஒரு பிரசவத்தில் பக்கத்தில் நிற்கட்டும், வார்மர் மேல் துண்டைப் போடட்டும், ஒரு மணி நேரம் கழித்து அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து ரெஜிஸ்டரில் ஒரு வரி எழுதட்டும். அன்று மாலையே, "இதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, அவர் சொல்வதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.